ஆதிப்புள்ளி

தமிழிலக்கணம் பயில்வார்க்கு வியப்புத் தருவன பல. அவற்றுள் ஒன்று, பேசுவோனையும் கேட்போனையும் பேசப்படு பொருளையும் நம் பண்டையாசிரியர் 'இடம்' என்னும் பெயரான் வழங்கினமையாம். தன்மை, முன்னிலை, படர்க்கை என்பன மூவிடம். ஆங்கில நூலார் இவற்றை ஆட்களாகக் கொண்டு எண்ணினர்; நம்மனோர் இடங்களாகக் கொண்டனர். 'நான்' என்பது ஓர் ஆளின் பெயர் என்பதினும், அவ்வாள் நிற்குமிடத்தின் பெயர் என்பதே அவர் கருத்துப் போலும். யாவர் வாயினின்று அச்சொல் பிறக்கின்றதோ, அவர் நிற்குமிடமே அதற்குப் பொருள். இக்கருத்தின் ஆழத்தை யான் உணர்ந்தது, மனைப்படம் வரையும் கணிப்பொறி ஒன்றன் முன்னர் இருந்தபோதாம். தமிழ் கற்கும் மாணவிக்கு அப்பொறியோடு யாது தொடர்பு எனத் தோழர் வினவக்கூடும். ஆதலின் அதனை முதற்கண் சொல்லி அப்பாற் செல்கின்றேன்.

யான் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த நாள் முதலாக, எந்தையாரைக் காணும் உறவினர் அனைவரும் கேட்பது ஒரே வினா: "பிள்ளை தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாள்?" எந்தையார் நகைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுவர். சித்தப்பா ஒருவரே வினாவாது வழி கூறினார். "கோடை விடுமுறைக்குப் பிள்ளையை என்னிடம் அனுப்பி வையுங்கள், அண்ணே. தமிழ் தமிழாக இருக்கட்டும், கையில் ஒரு தொழிலும் இருக்கட்டும்" என்றார். அவர் பாளையங்கோட்டையிற் படவரைவுக் கூடம் ஒன்று நடத்துகின்றார். கூடம் என்பது பெயரளவே. மாடிப்படியின் கீழ் அமைந்த ஓர் அறையும், இரண்டு கணிப்பொறிகளும், அகன்ற தாளில் அச்சிடும் பொறி ஒன்றும், எந்நேரமும் சூடாறாத தேநீர்க் குடுவை ஒன்றுமே அவர்தம் உடைமை. வீடு கட்டுவோர்க்கு வேண்டும் படங்களை வரைந்து தருதல் அவர் தொழில். ஆங்கு நாற்பது நாள் தங்கி, ஆட்டோகேட் என்னும் வரைவுச் செயலியைக் கற்றேன்.

கணித வகுப்புத் தோழர் பொறுத்தருள்க. அவர் அறிந்ததனையே ஒரு சிறிது கூறல் வேண்டும். தளமொன்றில் ஒரு புள்ளி யாண்டுளது என்று சொல்லுதற்கு இரண்டு எண்கள் போதும். ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரு கோடுகளை வரைந்து, அவை வெட்டுமிடத்தை ஆதிப்புள்ளி எனக் கொண்டு, அதனின்று வலப்புறம் இத்துணை, மேற்புறம் இத்துணை என அளந்து கூறின், அப்புள்ளி தப்பாது அகப்படும். இவ்வெண்களை நம் நாட்டுப் பாடநூல்கள் ஆயத்தொலைவுகள் என்றும், ஈழத்துப் பாடநூல்கள் ஆள்கூறுகள் என்றும் வழங்குகின்றன. (ஆயம் என்னும் சொல்லைக் கண்டவுடன் தலைவியின் தோழியர் கூட்டம் நினைவுக்கு வருதல் தமிழ் வகுப்பாரைப் பிடித்த நோய், அதற்கு மருந்தில்லை.) பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவகணித நூலால் இம்முறை உலகிற் பரவிற்று. அவர் படுக்கையிற் கிடந்து, கூரையில் ஊர்ந்த ஈயை நோக்கி இதனைக் கண்டார் என்றொரு கதையுண்டு. கதை இனிது, சான்றுதான் இல்லை. இன்று நாம் வரையும் வண்ணம் இரண்டு செங்குத்து அச்சுகள் அவர் நூலில் வரையப்பட்டிருக்கவுமில்லை. அதனைப் பின்வந்தோர் ஒழுங்குபடுத்தினர். பெர்மா என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞரும் இதனை ஒத்த முறையைத் தாமே கண்டிருந்தார். ஆயின் அவர் எழுத்து அச்சேறியது அவர் மறைந்தபின், 1679இல்.

தாளில் இருந்த இம்முறை திரைக்கு ஏறியது நம் காலத்துக்குச் சற்று முன்னரேயாம். 1963ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்பார் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒளிப்பேனா கொண்டு திரைமீது கோடு வரையும் ஸ்கெட்ச்பேட் என்னும் செயலியை இயற்றிக் காட்டினார். ஆட்டோகேட் வெளிவந்தது 1982 டிசம்பரில். ஒருவன் தன் விருப்பப்படி ஆதிப்புள்ளியை மாற்றி வைத்துக்கொள்ளும் உரிமை அதனுள் வந்தது 1988இல். இவ்வுரிமையே இக்கட்டுரையின் பொருள்.

புதிய படம் ஒன்றைத் திறந்தவுடன் திரையின் மூலையில் இரண்டு அம்புகள் தோன்றும். ஒன்று வலம் நோக்கும், மற்றொன்று மேல் நோக்கும். அவை கூடுமிடத்தில் ஒரு சிறு சதுரம் காணப்படும். அச்சதுரம் உள்ளவரை நாம் உலக ஆயமுறையில் நிற்கின்றோம் என்பது குறிப்பு. உலக முறை ஒரு படத்துக்கு ஒன்றே. அதனை நகர்த்தவும் ஒண்ணாது, திருப்பவும் ஒண்ணாது. அதன் ஆதிப்புள்ளி படம் உள்ளளவும் ஆண்டே நிற்கும். ஆனால், சாய்வான தெருவை ஒட்டி நிற்கும் வீடொன்றை வரைய வேண்டின், ஒவ்வொரு சுவருக்கும் சாய்வெண்களைக் கணக்கிடுதல் பெருந்தொல்லை. அப்போது யு.சி.எஸ். என்னும் கட்டளையை இட்டு, ஆதிப்புள்ளியை வீட்டின் ஒரு மூலைக்குக் கொணர்ந்து, அச்சினைச் சுவரின் வழியே திருப்பிவிடலாம். இது பயன்கொள்வோன் ஆயமுறை எனப்படும். அந்நொடியே சதுரம் மறையும். சாய்ந்த சுவர் நமக்கு நேர்ச்சுவராகும். பத்தடி என்றால் பத்தடி. வேலை முடிந்தபின் 'உலகம்' என்னும் ஒரு சொல்லால் மீளலாம்.

சித்தப்பா முதல் நாள் எனக்குச் சொன்னது இது: "அச்சைத் திருப்பு மகளே, மண்ணைத் திருப்பாதே." அச்சினைத் திருப்பும்போது கோடுகள் அசைவதில்லை, அவற்றைப் பார்க்கும் நம் நிலைதான் மாறுகின்றது. கோப்பினுள் அவை பெரும்பாலும் உலக முறையின் எண்களாலேயே எழுதப்பட்டுக் கிடக்கும். கோடுகளையே பிடித்துத் திருப்பிவிட்டாலோ, திரையிற் காண்பது ஒன்றேயாயினும், அடியில் உள்ள எண்கள் அனைத்தும் வேறாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நிலத்துக்கு இரண்டும் வேறு. இவ்வேறுபாட்டின் விலையை யாம் பின்னர் எம் குடும்பத்திலேயே கண்டோம்.

புள்ளியைக் குறிக்கும் வழியும் இருவகைத்து. '3000,2000' என்று தட்டினால் ஆதிப்புள்ளியினின்று எண்ணப்படும். முன்னே '@' என்னும் குறியிட்டு '@3000,0' என்றால், கடைசியாக நாம் நின்ற புள்ளியினின்று எண்ணப்படும். '@3000<30' என்றால், நின்ற இடத்தினின்று முப்பது பாகைச் சாய்வில் மூவாயிரம் என்பதாம். ஊரில் வழி கேட்பார்க்கு நாம் சொல்லும் விடையும் இவ்விரண்டனுள் அடங்கும். 'மணிக்கூண்டிலிருந்து மூன்றாம் வீடு' என்பது ஒன்று. 'இப்படியே நேரே போய், சோற்றாங்கைப் பக்கம் திரும்பு' என்பது மற்றொன்று. பின்னது கேட்போன் நிற்குமிடம் பிழைத்தால் முற்றும் பிழைக்கும். தொல்காப்பியர், வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகட்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் பகுத்துரைத்தார். அதனை வகுப்பிற் கற்றபோது மரபு பேசுகின்றார் என்று மட்டுமே தோன்றியது. '@' குறியைப் பன்முறை தட்டிய விரலுக்கு, ஒவ்வோர் அசைவும் யாரை நோக்கியது என்று அவர் கேட்பது விளங்குகின்றது.

கோணத்தின் கதை இன்னும் சுவையானது. செயலி கோணத்தைக் கிழக்கினின்று தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிராக எண்ணும். நில அளவையாளரோ வடக்கினின்று தொடங்கி, முள் செல்லும் வழியே எண்ணுவர். அளவையாளர் 30 பாகை என எழுதியது செயலிக்கு 60 பாகை. இருவர்க்கும் பொதுவான எண்கள் இரண்டு உண்டு, அவை 45, 225. அந்த இரு திக்குகளில் மட்டுமே இவ்விரு சாதியாரும் ஒருவரையொருவர் கேளாமல் ஒத்துப்போவர். மூன்றாம் அச்சான உயரத்தைப் பற்றி விரிப்பின் பெருகும். வலக்கைப் பெருவிரலை முதல் அச்சாகவும், சுட்டுவிரலை இரண்டாவதாகவும் நீட்டினால், மடக்கிய நடுவிரல் காட்டும் திசையே உயரம் என்று மட்டும் கூறி விடுகின்றேன். மேலிருந்து பார்க்கும்போது கூடியனபோல் தோன்றும் இரு கோடுகள், உயர எண் வேறாயிருந்தமையால் கூடாமலே நிற்பதும், அதனால் ஒரு பகற்பொழுது வீணாவதும் அக்கூடத்தில் வாரம் ஒருமுறை நிகழும்.

நிற்க. நம் மொழிக்கும் ஓர் உலக ஆயமுறை உண்டு. எங்கள் நெல்லைச் சீமையில் அடுக்களைக்குள்ளும் திசை சொல்லியே பேசுவர். 'பானையைக் கொஞ்சம் மேற்கே தள்ளி வை' என்பாள் பாட்டி. வலம் இடம் என்னும் பேச்சு அவளிடம் அரிது. பேசுவோர் எப்பக்கம் திரும்பி நின்றாலும் மேற்கு மேற்கே. அச்சொற்கள் பிறந்த வழியும் அறியத்தக்கது. மேல் என்பதினின்று மேற்கு. கீழ் என்பதினின்று கிழக்கு. மேற்றிசையில் மலை உயர்ந்து நிற்க, நிலம் கீழ்த்திசைக் கடல் நோக்கிச் சாய்ந்து செல்லும் நாட்டிலே இச்சொற்கள் தோன்றின என்பர். எங்கள் மாவட்டத்து இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், 1856இல் முதன்முதல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் இதனைப் பேசுகின்றார். அதனினும் வியப்பு யாதெனின், மலைக்கு அப்பால் வாழும் மலையாளத்தாரும் சூரியன் எழும் திசையைக் 'கிழக்கு' என்றே வழங்குகின்றனர். அவர்க்கோ மலை நிற்பது அத்திசையில். கடல் கிடப்பது மற்றைத் திசையில். மேடு 'கீழ்' எனப்படுகின்றது! இச்சொல் மலைக்குக் கீழ்ப்பக்கத்தே பிறந்து மேற்பக்கம் சென்றது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்வர். ஆதிப்புள்ளியை அங்கேயே விட்டுவிட்டு, படத்தை மட்டும் மலை தாண்டிக் கொண்டு சென்றாற் போன்றது இது. எண் மாறவில்லை, அஃது எண்ணப்பட்ட இடம் பின்னே நின்றுவிட்டது.

சுட்டெழுத்துகளோ மற்றொரு முறைக்கு உரியன. இங்கு என்பது என்னருகே. அங்கு என்பது சேய்மையில். உங்கு என்பது இரண்டற்கும் இடைப்பட்டது. நாம் தமிழகத்தில் உகரச் சுட்டினை இழந்துவிட்டோம். யாழ்ப்பாணத்தார் இன்றும் 'உது', 'உங்கே' என்று பேசக் கேட்கும்போது, எதிரில் நிற்பவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கும் அவர் பேச்சின்மேல் எனக்குப் பொறாமை உண்டாகின்றது.

இனி நிலத்துக்கு வருவோம். நம் நாட்டுப் புலப்படங்களைப் பார்த்திருப்பவர் அறிவர். ஒரு புலக்கல்லினின்று மற்றொரு கல்லுக்கு நேர்கோடு ஒன்று பிடித்து, அக்கோட்டின்மேல் இத்துணைத் தூரம் சென்று, அதற்குச் செங்குத்தாக இத்துணை விலகினால் எல்லை வரும் என்று எண்கள் எழுதியிருக்கும். பழைய படங்களில் அவ்வெண்கள் லிங்க் கணக்கின. நூறு லிங்க் ஒரு சங்கிலி, அஃதாவது 66 அடி. எனவே ஒவ்வொரு புலமும் தனக்கென ஓர் ஆதிப்புள்ளியும் ஓர் அச்சும் உடையது. இரு கற்களும் உள்ளவரை எல்லை உண்டு. 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, அதனின்று நாடு முழுவதையும் முக்கோணங்களாற் பிணைக்கும் பேரளவையைத் தொடங்கியதும் இக்காரணம் பற்றியே. தனித்தனியே நிற்கும் புலங்கட்கெல்லாம் பொதுவானதோர் ஆதி வேண்டியிருந்தது. இக்காலத்து அளவையாளர் விண்கோள்களின் துணையால் உலகம் தழுவிய எண்களையே எடுத்துவிடுகின்றனர். அவ்வெண்கள் மிகப் பெரியன. உலகளவில் வழங்கும் யு.டி.எம். என்னும் முறைப்படி பாளையங்கோட்டையின் கிழக்கெண் ஏறத்தாழ 8,00,000 மீட்டர். நிலநடுக்கோட்டினின்று எண்ணும் வடக்கெண் 9,60,000 மீட்டருக்கு மேல். இதனை மில்லிமீட்டராக எழுதின் ஒன்பது இலக்கம் வரும். திரையிற் காட்டும் கருவிகளிற் பல ஏழு இலக்க அளவே நுட்பமாகக் கொள்வன, ஆதலின் ஆதியினின்று நெடுந்தூரம் விலகிய படத்தில் வட்டங்கள் கோணலாகத் தோன்றும், கோடுகள் நடுங்கும். இதற்கு அஞ்சியே வரைவோர் பலர் மனையைத் தூக்கி ஆதிப்புள்ளியருகே வைத்துக்கொள்கின்றனர். செய்யலாம், எங்கிருந்து தூக்கினோம் என்று எழுதி வைத்தல் வேண்டும்.

எழுதி வையாமையால் விளைந்ததனை இனிக் கூறுகின்றேன். 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளிற் பெய்த பெருமழையை நேயர் மறந்திரார். எங்கள் சிற்றூரில் என் பாட்டியின் ஓட்டுவீட்டுச் சுவர் அம்மழையில் இடிந்தது. அன்றிரவு கழுத்தளவு நனைந்த பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று இரண்டு நாள் வைத்துக் காத்தவர் மேலண்டை வீட்டு அத்தை. எந்தையாரின் ஒன்றுவிட்ட அக்காள். இதிற் புதுமை யாதெனின், அதற்கு முன் பல்லாண்டுகளாக அவ்விரு வீட்டாரும் பேசிக்கொண்டதில்லை. நடுவே ஓடிய எல்லையில் ஒன்றரை அடி யாருக்கு என்னும் வழக்கே காரணம். தாத்தா அவ்வழக்கினைத் தம்மோடு கல்லறைக்குக் கொண்டுபோனார். பகை மட்டும் மேலே நின்றது. மழை அதனைக் கரைத்தது.

பாட்டி அன்றுதொட்டு எங்கள் வீட்டில் இருந்தாள். தன் மனையிலேயே ஒரு சிறு வீடு கட்டித் தரும்படி நாடோறும் கேட்டாள். மனை நான்கு சென்ட். 1,742 சதுர அடி. தெருவை அடுத்துக் கிணறு. பின்புறத்தில் ஒரு பனை. அளவையாளர் ஒருவர் வந்து, கற்கள், கிணறு, பனை எல்லாம் குறித்து மீட்டர்க் கணக்கில் ஒரு படம் தந்தார். சித்தப்பாவின் கூடத்தில் அப்போது வேலை மிகுதி. ஆதலின் வீட்டுப்படம் வரையும் பொறுப்பை எந்தையார் நகரத்தில் வேறோர் அலுவலகத்தாரிடம் விட்டார். அவர்கள் தெரு சாய்ந்து கிடப்பதைக் கண்டு, அச்சினைத் திருப்புவதற்கு மாறாக மனையையே திருப்பி, தெருவை நேராக்கினர், ஒரு மூலையை ஆதிப்புள்ளிக்குத் தள்ளினர், கோணலாயிருந்த எல்லையை அழகிய செவ்வகமாக்கினர், கற்குறிகளை நீக்கினர், மில்லிமீட்டருக்கு மாற்றினர். எத்துணைப் பாகை திருப்பினோம் என்று எங்கும் எழுதிற்றிலர். படம் பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது.

கடைக்கால் தோண்டுவதற்கு முந்தின நாள் மாலை, அப்படத்தைக் கொண்டு முளையடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டனர். போட்டவர் கிணற்றைப் பொதுப்புள்ளியாகக் கொண்டார், அது சரியே. ஆயின் எந்தப் பக்கம் எத்துணைத் திருப்புவது என்பதற்கு அவருக்குத் தெருவன்றி வேறு துணையில்லை. அத்தெருவோ சற்றே வளைந்தது. அவர் பிடித்த பகுதிக்கும், வரைந்தோர் பிடித்த பகுதிக்கும் இரண்டு பாகைக்குச் சிறிது மிகுதியான வேற்றுமை. ஒரு புள்ளி மட்டும் பொருந்தினால் படம் அதனை அச்சாணியாகக் கொண்டு சுழலும் என்பதனைத் தோழர் நினைத்துப் பார்க்க. கிணற்றருகே ஒரு விரற்கடைப் பிழையும் இல்லை. தொலையத் தொலையப் பிழை வளர்ந்தது. பதினைந்து மீட்டருக்கு அப்பால் வடமேலைக் கோடியில் அஃது இரண்டடி ஆயிற்று. எல்லையினின்று ஒன்றரை அடி விட்டு நிற்கவேண்டிய சுவர்க்கோடு, அரை அடி அத்தையின் மண்ணுக்குள் வெள்ளையாகக் கிடந்தது.

அத்தை வந்து அக்கோட்டின் அருகே நின்றார். ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சினந்து பேசியிருந்தால் யாம் விடை கூறியிருப்போம். எந்தையார், "படத்தில் உள்ளபடிதானே போட்டார்கள்?" என்றார். பாட்டி, "படம் கிடக்கட்டும். வீடு இல்லாமற் போனாலும் போகட்டும், அவள் மண் எனக்கு வேண்டா" என்று சொல்லி, திண்ணை இடிந்த கற்களின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கொத்தனார் மறுநாட் காலைக்கு ஆள் சொல்லியிருந்தார்.

இரவே சித்தப்பாவும் யானும் கூடத்தைத் திறந்து, இரண்டு கோப்புகளையும் எதிரெதிரே வைத்தோம். "இரண்டு படத்திலும் பொய் சொல்லாதது எது? பார்த்துச் சொல்லு மகளே" என்றார். எல்லைக் கோடுகள் ஆகா, அவை செவ்வகமாக்கப்பட்டவை. கற்கள் இல்லை. தெரு வளைவு. எஞ்சியவை இரண்டு: கிணறும் பனையும். அழகுக்காகவே விட்டுவைத்தனரோ என்னவோ, வரைந்தோர் அவ்விரண்டையும் எடுத்த இடத்திலேயே வைத்திருந்தனர். கிணற்றின் நடுவினின்று பனையின் நடுவுக்கு அளவையாளர் படத்தில் 14.26 மீட்டர், வீட்டுப்படத்தில் 14,260 மில்லிமீட்டர். அவ்வெண்களைக் கண்டபோது யான் கொண்ட களிப்பினை எந்த யாப்பிலும் அடக்கல் அரிது. வீட்டுப்படத்தை ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கினோம். பின் 'அலைன்' என்னும் கட்டளை. கிணற்றைக் கிணற்றின்மேலும், பனையைப் பனையின்மேலும் வைத்துக் காட்டினோம். அளவையும் மாற்றுவதோ எனச் செயலி வினவியது, வேண்டா என்றோம். படம் தானே சுழன்று சென்று தன் நிலத்தில் அமர்ந்தது. ஒரு புள்ளியால் இடம் தெரியும். முகம் எப்பக்கம் என்பது இரண்டாவதனாலேயே தெரியும். வடமேலைக் கோடியில் சுவருக்கும் எல்லைக்கும் இடையே ஒன்றரை அடியும், அதற்குமேல் ஓரிரு விரற்கடையும் இருந்தன.

விடியுமுன் ஊருக்குச் சென்றோம். சித்தப்பா நேரே மேலண்டை வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்க ஆள் இல்லை, கொஞ்சம் வாருங்கள்" என்றார். அவர் என்ன நினைத்தாரோ அறியேன். தலைமுடியை முடிந்துகொண்டு வந்தார். புலக்கல்லின்மேல் நாடாவின் நுனியை வைத்து அமர்ந்தார். மறுநுனி என் கையில். இம்முறை தெருவைப் பார்க்கவேயில்லை; இரண்டு கற்களினின்றே எல்லா மூலைகளையும் பிடித்தோம். புதிய கோடு போட்டபின், பழைய கோட்டினை அத்தையே காலாற் கலைத்தார். "உங்கள் மாமா இருந்திருந்தால் இதற்கு எத்தனை வருடம் வழக்காடியிருப்பார்!" என்று பாட்டியிடம் சொன்னார். பாட்டி அவர்க்கு விடை கூறவில்லை. கொத்தனாரை நோக்கி, இன்னும் அரை அடி கிழக்கே தள்ளிப் போட இயலுமா என்று கேட்டாள். இயலாது என்று சித்தப்பா விளக்குதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிட்டது.

வீடு இப்போது நிலைவாயில் உயரத்துக்கு எழுந்துளது. அன்று திருத்திய படத்தில், அளவையாளரின் எண்கள் இருந்தபடியே இருக்க, தென்மேலை மூலையை ஆதியாகவும் சுவரை அச்சாகவும் வைத்துப் பயன்கொள்வோன் முறை ஒன்றை அமைத்தோம். அதற்கு ஒரு பெயர் தருமாறு செயலி கேட்டது. "நீதானே தமிழ் படிக்கிறாய், நீயே வை" என்றார் சித்தப்பா. யான் 'இங்கு' என்று தட்டினேன். அவர் அதனைப் பார்த்தார். கோப்பினை உலக முறைக்கு மீட்டுச் சேமித்தார். ஒரு தாளில் ஆதியின் எண்களையும் திருப்பிய பாகையையும் தம் கையால் எழுதி, கொத்தனாரிடம் கொடுத்தனுப்பும் படத்தின் மூலையில் ஒட்டினார்.